நீரும் வார்த்தையும்: இரட்சிப்பையும் ஞானஸ்நானத்தையும் லுத்தர் புரிந்துகொண்ட விதம்

"நீங்கள் எப்போது இரட்சிக்கப்பட்டீர்கள்?" தமிழகத்தின் எழுப்புதல் கூட்டங்களிலும் வீட்டு ஜெபக்குழுக்களிலும் இந்தக் கேள்வியைச் சந்திக்காத கிறிஸ்தவர்கள் குறைவு. பதிலாக எதிர்பார்க்கப்படுவது ஒரு தேதி. இன்ன ஆண்டு, இன்ன கூட்டத்தில், இன்ன ஊழியரின் அழைப்புக்கு இணங்கி என்னை ஒப்புக்கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும். அடுத்த கேள்வி உடனே வரும்: "ஞானஸ்நானம் எடுத்துவிட்டீர்களா?" கைக்குழந்தையாக இருந்தபோது ஆலயத்தில் கொடுத்தார்கள் என்று சொன்னால், அது கணக்கில் சேராது என்பார்கள். லுத்தரன் குடும்பங்களில் வளர்ந்த பலர் இந்த இடத்தில் வாயடைத்துப் போகிறார்கள். சிலர் ஆற்றிலோ தொட்டியிலோ இரண்டாம் முறை மூழ்கி எழுகிறார்கள். திடப்படுத்தல் வகுப்பில் மனப்பாடம் செய்த ஞானோபதேசத்திலேயே இதற்கு விடை இருக்கிறது என்பது அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லாத செய்தி.

அந்த விடையைத் தெளிவாக எடுத்து வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். விசுவாசத்தினால் மட்டுமே மனிதன் நீதிமானாக்கப்படுகிறான் என்று முழங்கியவர் மார்ட்டின் லுத்தர். அவரே, பேச்சு வராத சிசுவுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதை விடாப்பிடியாகக் காத்தும் நின்றார். இவை ஒன்றோடொன்று மோதுவதாகப் பலர் நினைக்கிறார்கள். பழைய சபையின் வழக்கத்தை முழுதாக விட மனமில்லாமல் அவர் பாதி வழியில் நின்றுவிட்டார் என்றும் சொல்கிறார்கள். அவர் எழுத்துகளை வரிசைப்படி படித்தால் வேறொன்று புலப்படும். கிருபையினால் மட்டுமே இரட்சிப்பு என்ற போதனைக்குக் காவலாகவே ஞானஸ்நானப் போதனை நிற்கிறது. அந்தக் காவலை எடுத்துவிட்டால் விசுவாசமே மனிதனின் சாதனையாக மாறிவிடும் என்பதை லுத்தர் கண்டிருந்தார்.

போதுமா என்ற கேள்வி

லுத்தர் 1483 நவம்பர் 10ஆம் தேதி ஐஸ்லேபன் நகரில் பிறந்தார். மறுநாள் தூய மார்ட்டின் திருநாள். அன்றே அவ்வூரின் பேதுரு பவுல் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார். புனிதரின் பெயரே குழந்தைக்கும் வைக்கப்பட்டது. ஆனால் வளர்ந்த லுத்தருக்கு அந்த நாள் எந்த ஆறுதலையும் தரவில்லை. ஞானஸ்நானத்தால் கிடைத்த தூய்மையைப் பின்னால் செய்த பாவங்களால் மனிதன் இழந்துவிடுகிறான், இனிப் பாவசங்கீர்த்தனமும் தவமும்தான் வழி என்பதே அக்காலத்தின் பொதுப் புரிதல். துறவு மடத்தில் சேர்ந்து வாக்குறுதி கொடுப்பது புதிதாக ஞானஸ்நானம் பெறுவதற்கு நிகர் என்றும் புகழப்பட்டது. 1505இல் லுத்தர் எர்ஃபர்ட் நகரின் அகஸ்தீனிய மடத்தில் சேர்ந்தார்.

அங்கே அவரைக் கசக்கிப் பிழிந்தது, 'இது போதுமா?' என்ற கேள்வி. தன்னால் இயன்றதைச் செய்கிறவனுக்குக் கடவுள் கிருபையை மறுப்பதில்லை என்பது, அவர் கற்ற காபிரியேல் பீல் போன்ற இறையியலாளர்களின் போதனை. கேட்க இனிமையானதுதான். ஆனால் இயன்றதையெல்லாம் செய்துவிட்டேன் என்று யார் துணிந்து சொல்வது? என் மனஸ்தாபம் உண்மையானதா, தண்டனைக்குப் பயந்து வந்ததா? அறிக்கையிட மறந்த பாவம் எத்தனை? தன்னைத் தானே தோண்டிப் பார்க்கும் மனச்சாட்சிக்கு அடி தட்டுவதேயில்லை.

விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் சங்கீதங்களையும் ரோமர் நிருபத்தையும் விரிவுரை செய்த ஆண்டுகளில்தான் விடை கிடைத்தது. கடவுளின் நீதி என்பது பாவியைத் தண்டிக்கும் நீதி என்றே அதுவரை அவர் அஞ்சியிருந்தார். கிறிஸ்துவின் பொருட்டுக் கடவுள் பாவிக்கு இலவசமாக அளிக்கும் நீதியே அது என்று கண்டதும் பரலோகத்தின் கதவு திறந்ததுபோல் இருந்தது என்று 1545இல், இறப்பதற்கு முந்தைய ஆண்டில், அவர் நினைவுகூர்கிறார். மனிதன் நீதிமானாவது தனக்குள் விளைந்த நற்குணத்தால் அல்ல. கிறிஸ்துவுடைய நீதி அவனுடையதாக எண்ணப்படுவதால். அதை ஏற்கும் வெறுங்கையே விசுவாசம்.

இங்கேதான் ஓர் ஆபத்து பதுங்கியிருந்தது. 'என் மனஸ்தாபம் போதுமா?' என்று கேட்ட அதே மனச்சாட்சி, நாளை 'என் விசுவாசம் போதுமா?' என்று கேட்கத் தொடங்கினால்? கேள்வியின் உருவம் மாறியிருக்கும், வேதனை அப்படியேதான் இருக்கும். விசுவாசம் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தால் பிழைக்காது. பற்றிக்கொள்ள அதற்கு வெளியிலிருந்து ஒரு வாக்குறுதி வேண்டும். அந்த வாக்குறுதி 'உலகத்துக்கு' என்று பொதுவாக நின்றுவிடாமல் 'உனக்கு' என்று பெயர் சொல்லி வரவேண்டும். அப்படி வரும் இடம் ஞானஸ்நானம் என்பதே லுத்தரின் கண்டுபிடிப்பு.

வார்த்தையோடு சேர்ந்த நீர்

1520இல் எழுதிய 'சபையின் பாபிலோனியச் சிறையிருப்பு' நூலில் ஏழு சாக்கிரமெந்துகளின் அமைப்பையே லுத்தர் கேள்விக்கு உட்படுத்தினார். அந்தக் கடுமையான நூலிலும் ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேசும்போது குரல் மாறுகிறது. மனிதரின் கட்டளைகளால் கெடாமல் இந்த ஒரு சாக்கிரமெந்தையாவது கடவுள் சிறு பிள்ளைகளுக்காகக் காத்துவைத்தார் என்று நன்றி செலுத்துகிறார். குருவானவரின் கை வெறும் கருவி. ஞானஸ்நானம் கொடுப்பவர் கடவுளே என்பது அந்நூலின் அழுத்தமான கருத்து.

1528இல் சாக்சனிப் பகுதிச் சபைகளைப் பார்வையிட்டபோது, பத்துக் கட்டளைகளைக்கூட அறியாத மக்களையும் போதகர்களையும் கண்டு அவர் அதிர்ந்தார். அதன் விளைவாக 1529இல் சிறிய ஞானோபதேசமும் பெரிய ஞானோபதேசமும் வெளிவந்தன. சிறியதில் ஞானஸ்நானப் பகுதி நான்கே கேள்விகளால் ஆனது. ஞானஸ்நானம் என்றால் என்ன? அது என்ன நன்மை தருகிறது? தண்ணீர் இவ்வளவு பெரிய காரியங்களைச் செய்வது எப்படி? தண்ணீரில் இப்படி ஞானஸ்நானம் கொடுப்பது எதைக் குறிக்கிறது? மூன்றாம் கேள்விக்கான விடைதான் லுத்தரன் போதனையின் அச்சாணி. தண்ணீர் தனியே எதையும் செய்வதில்லை. தண்ணீரோடு சேர்ந்திருக்கும் கடவுளின் வார்த்தையும், அந்த வார்த்தையை நம்பும் விசுவாசமுமே செய்கின்றன. வார்த்தை நீங்கினால் அது வெறும் தண்ணீர். வார்த்தை சேர்ந்தால் மறுபிறப்பின் முழுக்கு.

ஆகவே சடங்கைச் செய்தாலே போதும், தானாகப் பலிக்கும் என்று லுத்தர் சொல்லவில்லை. கொடுக்கப்படும் வரத்தை விசுவாசமின்றி யாரும் அனுபவிக்க முடியாது. ஆனால் வரத்தை உண்டாக்குவது விசுவாசம் அல்ல. பெற்றுக்கொள்வது மட்டுமே அதன் வேலை. பெரிய ஞானோபதேசம் இன்னும் ஒரு படி செல்கிறது. விசுவாசம் மட்டும் போதும், வெளியரங்கமான காரியங்கள் எதற்கு என்று கேட்பவர்களை நோக்கி, விசுவாசம் நம்புவதற்கு எதிரே ஏதாவது இருக்க வேண்டாமா என்று லுத்தர் திருப்பிக் கேட்கிறார். கடவுள் தாம் கொடுக்க விரும்புவதைக் காதில் விழும் சொல்லாகவும் உடலில் படும் நீராகவும் கொடுக்கிறார். மனிதனுக்கு உடல் இருக்கிறது, அதை அறிந்தே அப்படிக் கொடுக்கிறார்.

1526இல் லுத்தர் திருத்தி வெளியிட்ட ஞானஸ்நான முறைமையைக் கூர்ந்து பார்த்தால் இந்த இறையியல் கண்முன் நிகழ்வது தெரியும். 1523இன் முதல் பதிப்பில் விட்டுவைத்த உப்பு, உமிழ்நீர், எண்ணெய், மெழுகுதிரி முதலியவை இதில் நீங்கிவிட்டன. போதகர் முதலில் அசுத்த ஆவியை விலகிப்போகக் கட்டளையிடுகிறார். குழந்தையின் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை அடையாளம் இடுகிறார். பின் வரும் நீண்ட ஜெபம் நோவாவின் காலத்து வெள்ளத்தையும், பார்வோனின் சேனை மூழ்கிய செங்கடலையும், இயேசு இறங்கிய யோர்தானையும் ஒரே மூச்சில் நினைவுகூர்ந்து, இந்தத் தொட்டியின் நீரும் அந்த நீர்களின் தொடர்ச்சியே என்கிறது. சிறு பிள்ளைகளை இயேசு அருகே அழைத்த மாற்கு சுவிசேஷப் பகுதி வாசிக்கப்படுகிறது. பிசாசை மறுதலிக்கும் கேள்விகளும் விசுவாசப் பிரமாணக் கேள்விகளும் குழந்தையிடமே கேட்கப்படுகின்றன. ஞானப்பெற்றோர் அதற்காகப் பதில் சொல்கிறார்கள். அதன்பின் போதகர் குழந்தையை எடுத்துத் தொட்டியில் முக்குகிறார். வெண்ணிற ஆடை அணிவிக்கப்படுகிறது.

முக்குதல் என்பதைக் கவனிக்க வேண்டும். முழுக்கா, தெளிப்பா என்று நம் ஊரில் நடக்கும் சண்டையில் லுத்தரைத் தெளிப்பின் தலைவராக நிறுத்துவது வரலாற்றுப் பிழை. சாவையும் உயிர்த்தெழுதலையும் முழுமையாகக் காட்டுவதால் மூழ்குவதே பொருத்தமான அடையாளம் என்று ஞானஸ்நானம் குறித்த 1519இன் பிரசங்கத்திலேயே அவர் எழுதினார். ஆனால் நீரின் அளவு ஞானஸ்நானத்தின் செல்லுபடியைத் தீர்மானிக்கிறது என்று அவர் ஒருபோதும் போதிக்கவில்லை. கட்டளையும் வாக்குறுதியும் இருந்தால், கைப்பிடி நீரும் முழு ஞானஸ்நானமே.

மறுஞானஸ்நானக்காரரோடு வழக்கு

1525 ஜனவரியில் சூரிக் நகரில், கான்ராட் கிரேபெல் என்பவர் ஜார்ஜ் பிளாவ்ராக்குக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுத்தார். சொந்த வாயால் விசுவாசத்தை அறிக்கையிடுபவருக்கே ஞானஸ்நானம், குழந்தைக்குக் கொடுத்தது ஞானஸ்நானமே அல்ல என்பது, மறுஞானஸ்நானக்காரர் என்று அழைக்கப்பட்ட அவர்களின் முடிவு. அவர்கள் அற்பக் காரணத்துக்காகப் பிரியவில்லை. ஊரே கிறிஸ்தவம், பிறந்த எல்லாருமே சபையார் என்ற ஏற்பாட்டில் சீஷத்துவத்தின் விலை மறைந்துபோனதைக் கண்டு கொதித்தவர்கள் அவர்கள். அந்தக் கொதிப்பு நியாயமானது என்பதை இன்றைய லுத்தரன் வாசகரும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

லுத்தரின் மறுப்பு 1528இல், இரண்டு போதகர்களுக்கு எழுதிய கடிதமாக வந்தது. விசுவாசத்தின்மேல் ஞானஸ்நானத்தைக் கட்டினால், இன்று விசுவாசிக்கிறேன் என்று மூழ்குபவன் நாளை சந்தேகம் வரும்போது என்ன செய்வான்? நேற்று இருந்தது மெய்யான விசுவாசம்தானா என்று ஐயம் வந்தால் மறுபடி மூழ்க வேண்டும். அந்த ஐயத்துக்கு முடிவு ஏது? கொடுப்பவருக்கோ வாங்குபவனின் உள்ளம் தெரியாது. ஆகவே ஞானஸ்நானம் நிற்க வேண்டிய பாறை கடவுளின் கட்டளை. நம்முடைய விசுவாசம் அந்தப் பாறையின்மேல் வந்து நிற்கிறது. விசுவாசம் இல்லாமல் ஒருவன் ஞானஸ்நானம் பெற்றிருந்தாலும் பின்னால் விசுவாசிக்கத் தொடங்கும்போது மாற வேண்டியது அவன்தான்; ஞானஸ்நானத்தில் குறையில்லை.

வாதம் வலியது. ஆனால் குழந்தை ஞானஸ்நானத்தைக் காத்தவர்களின் கை சுத்தமாக இல்லை. 1527 ஜனவரியில் மறுஞானஸ்நானக்காரரான பெலிக்ஸ் மான்ஸ் என்பவரைச் சூரிக் நகர மன்றம் லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது. 1529இல் ஸ்பையர் நகரில் கூடிய பேரரசின் மன்றம் மறுஞானஸ்நானத்துக்கு மரண தண்டனை விதித்தது. விசுவாசத்தின் பெயரால் யாரையும் கொல்லக் கூடாது என்று முதலில் எழுதிய லுத்தரே, 1530களில் தம் சக ஊழியர் மெலாங்க்தன் தயாரித்த கடுமையான அறிக்கைகளுக்கு ஒப்புதல் அளித்தார். கிருபையைக் காக்க வாளைத் துணைக்கு அழைத்தது லுத்தரன் வரலாற்றின் கறை. 2010 ஜூலையில் ஸ்டுட்கார்ட்டில் கூடிய லுத்தரன் உலகக் கூட்டமைப்பு, மறுஞானஸ்நானக்காரரின் வழிவந்த மெனோனைட்டுகளிடம் இதற்காக மன்னிப்புக் கேட்டது. போதனையில் உள்ள வேறுபாட்டை மறைக்காமலே மன்னிப்புக் கேட்க முடியும் என்பதை அந்த நிகழ்வு காட்டியது.

குழந்தையின் விசுவாசம்

குழந்தை எப்படி விசுவாசிக்கும்? இதற்கு லுத்தர் பல கோணங்களில் பதில் சொன்னார். தாயின் வயிற்றில் துள்ளிய யோவானைக் காட்டினார். சபையின் ஜெபத்தைக் கேட்டுக் கடவுளே குழந்தைக்கு விசுவாசம் அருளுகிறார் என்றார். பெரிய ஞானோபதேசத்தில் அவர் முன்வைக்கும் ஆதாரம் வரலாற்றிலிருந்து வருகிறது. குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் பெற்ற பெர்னார்டு, ஜெர்சோன், ஜான் ஹஸ் போன்றவர்களுக்குக் கடவுள் தம் ஆவியைக் கொடுத்தார். அந்த ஞானஸ்நானம் செல்லாது என்றால் அவர் அப்படிச் செய்திருப்பாரா? எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இன்னும் எளிய கருத்து. தன்னால் எதையும் கொடுக்க முடியாதவன்தான் குழந்தை. கடவுளுக்கு முன் நாற்பது வயது மனிதனும் அதே நிலையில்தான் நிற்கிறான். கிருபை என்றால் என்ன என்று கேட்பவருக்கு, ஒன்றும் அறியாத சிசுவின் தலையில் விழும் நீரைவிடத் தெளிவான விளக்கம் கிடைக்காது.

அப்படியானால் ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளின் கதி? 1530 ஜூன் 25 அன்று ஐந்தாம் சார்லஸ் பேரரசர் முன் வாசிக்கப்பட்ட ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் ஒன்பதாம் பிரிவு, இரட்சிப்புக்கு ஞானஸ்நானம் அவசியம் என்கிறது. குழந்தைச் சாவு அன்றாடம் நடந்த காலம் அது. கருவிலேயே குழந்தையை இழந்த தாய்மார்களுக்காக லுத்தர் 1542இல் ஓர் ஆறுதல் உரை எழுதினார். அந்தத் தாயின் பெருமூச்சையும் ஏக்கத்தையும் கடவுள் ஜெபமாகவே ஏற்கிறார், அவரது கருணை சாக்கிரமெந்துக்குள் சிறைப்பட்டதல்ல என்பதே அதன் சாரம். சாக்கிரமெந்தை அலட்சியம் செய்வதே ஆக்கினைக்குரியது, கிடைக்காமற்போவது அல்ல என்பது லுத்தரன் மரபில் நிலைத்த விதி. நாம் ஞானஸ்நானத்துக்குக் கட்டுப்பட்டவர்கள், கடவுள் கட்டுப்பட்டவரல்லர்.

உடையாத கப்பல்

ஞானஸ்நானம் பெற்றவர்கள் வழிதவறிப் போவதை எல்லாரும் பார்க்கிறோம். பிறகு அதற்கு என்ன மதிப்பு? பழைய சபைத் தந்தையான ஜெரோம் தவத்தை இரண்டாவது பலகை என்றார். ஞானஸ்நானக் கப்பல் பாவத்தால் உடைந்தபின் பிடித்துக் கரைசேர உதவும் பலகை அது. லுத்தர் இதை ஏற்கவில்லை. கப்பல் கடவுளுடையது, அது உடைவதில்லை. நாம்தான் அதிலிருந்து விழுகிறோம். விழுந்தவன் தேடவேண்டியது வேறொரு பலகையை அல்ல, நீந்தித் திரும்பி அதே கப்பலில் ஏறவேண்டும். மனந்திரும்புதல் என்பது ஞானஸ்நானத்துக்குத் திரும்பி வருவதே.

சிறிய ஞானோபதேசத்தின் நான்காம் கேள்விக்கான விடையும் இதுதான். பழைய ஆதாம் நாள்தோறும் மனஸ்தாபத்தினால் மூழ்கிச் சாகவேண்டும்; புதிய மனிதன் நாள்தோறும் எழவேண்டும். நீர் தொடுவது சில நொடி. அதன் பொருள் நிறைவேற ஆயுள் முழுதும் வேண்டும். சாவின் நாளில்தான் முடிகிறது. ஆகவே சிறு வயதில் தண்ணீர் தெளித்தாயிற்று, இனிக் கவலையில்லை என்று இருப்பவர் லுத்தரிடம் அடைக்கலம் தேட முடியாது. சீஷத்துவத்தின் விலை குறித்து மறுஞானஸ்நானக்காரர் எழுப்பிய கேள்விக்கு லுத்தரன் சபை தரவேண்டிய பதில் இந்த நாள்தோறும் சாகும் வாழ்வே. அதை வாழாத சபை தன் போதனையைத் தானே பொய்யாக்குகிறது.

இதே இடத்தில் ரோமச் சபையோடு உள்ள வேறுபாடும் தெரிகிறது. ஞானஸ்நானத்துக்குப் பின் மனிதனில் எஞ்சும் தீய இச்சை, அதற்கு அவன் இணங்காதவரை, தன்னளவில் பாவமல்ல என்று திரெந்து சங்கம் 1546இல் வரையறுத்தது. அது மெய்யாகவே பாவம், ஆனால் கிறிஸ்துவின் பொருட்டு எண்ணப்படுவதில்லை என்பது லுத்தர் கட்சி. விசுவாசி ஒரே சமயத்தில் நீதிமானும் பாவியுமாக இருக்கிறான். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் கையெழுத்திட்ட நீதிமானாக்கப்படுதல் குறித்த கூட்டறிக்கை இந்த வேறுபாட்டை மறைக்கவில்லை. ஆனால் பாவி இரட்சிப்பைப் பெறுவது கடவுளின் கிருபையால் மட்டுமே என்பதையும், பரிசுத்த ஆவியானவர் ஞானஸ்நானத்தில் அந்த ஈவை அளிக்கிறார் என்பதையும் இருசாராரும் சேர்ந்து அறிக்கையிட்டார்கள்.

தரங்கம்பாடிக்கு வந்த போதனை

1706இல் லுத்தரன் மிஷனரிகளான பர்த்தலோமேயு சீகன்பால்குவும் ஹென்றி புளுட்சாவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். 1707இல் அங்கே முதலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள், ஐரோப்பியர் வீடுகளில் அடிமைகளாக இருந்த சிலர். லுத்தரின் சிறிய ஞானோபதேசம் தமிழில் பெயர்க்கப்பட்டு அச்சேறியது. இன்று நம் சபைகளில் சொல்லப்படும் அந்த நான்கு கேள்விகளின் தமிழ் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது.

அடிமையின் தலையிலும் ஆண்டானின் தலையிலும் அதே வார்த்தையோடு அதே நீர் விழுகிறது என்பது சிறிய செய்தி அல்ல. ஞானஸ்நானத்திலிருந்து எழுந்த ஒவ்வொருவரும் ஏற்கெனவே குருவாகவும் ஆயராகவும் அபிஷேகம் பெற்றவரே என்று லுத்தர் 1520இல் ஜெர்மானியப் பிரபுக்களுக்கு எழுதினார். ஞானஸ்நானம் கொடுப்பவர் கடவுள் என்றால், அவர் அணிவித்த கிறிஸ்துவுக்கு மேலாக ஒருவருக்கு வேறு உயர்வும் இல்லை, ஒருவருக்கு அதில் குறைவும் இல்லை. ஆனால் தமிழ் லுத்தரன் சபை இந்த முடிவுக்கு அஞ்சியது. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் ஆங்கிலிக்கன் சபைகளிலிருந்து சாதி வேறுபாட்டை அகற்ற உத்தரவிட்டார். ஆனால் அதற்குப் பின் வந்த லுத்தரன் லைப்சிக் மிஷன், அதன் இயக்குநர் கார்ல் கிரவுலின் வழிகாட்டலில், சாதியைச் சமூக ஏற்பாடாகக் கருதிப் பொறுத்துக்கொண்டது. சுவிசேஷம் காலப்போக்கில் அதைக் கரைக்கும் என்று நம்பினார்கள். தலைமுறைகள் கடந்தும் கரையவில்லை. லுத்தரின் ஞானஸ்நானப் போதனையை முழுதாக ஏற்கும் சபையில் சாதிக்கு இடமே இருக்க முடியாது. இடம் கொடுத்தவர்கள் தங்கள் ஞானோபதேசத்தையே மீறினார்கள் என்றே தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆகவே இன்று லுத்தரன் சபைகளின் முன் இரண்டு கடமைகள் இருக்கின்றன. ஒன்று, போதிப்பது. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கேட்டு வரும் பெற்றோரையும் ஞானப்பெற்றோரையும் உட்காரவைத்து அந்த நான்கு கேள்விகளையும் பொருளோடு கற்பியுங்கள். திடப்படுத்தல் வகுப்பில் மனப்பாடத்தோடு நிறுத்தாதீர்கள். இரண்டாவது, ஒரே ஞானஸ்நானம் பெற்றவர்களாக, ஒரே பந்தியில், ஒரே கல்லறைத் தோட்டத்தில் சேர்ந்து வாழ்வதும் அடங்குவதும். குழந்தையாக ஞானஸ்நானம் பெற்று, அது செல்லுமோ என்று கலங்கும் வாசகருக்குச் சொல்ல வேண்டியது இது: உங்களுக்கு அந்த நாள் நினைவில் இல்லை, கடவுளுக்கு நினைவிருக்கிறது. மறுபடி மூழ்கத் தேவையில்லை. விலகிப் போயிருந்தால் திரும்பி வாருங்கள். அவர் கொடுத்த வாக்கு இன்னும் உங்கள்மேல் நிற்கிறது.